மணிக்கூடு வைத்துப் பழக்குங்கள்: வன்னிப் பிள்ளைகளைச் செஸ்சுக்கும் விவாதத்துக்கும் தயார்படுத்துதல்

மல்லாவியிலோ முழங்காவிலிலோ ஒட்டுசுட்டானிலோ ஒரு பாடசாலையில் செஸ் அணியும் விவாத அணியும் உங்கள் தலையில் கட்டப்பட்டிருக்கிறதா? அப்படியென்றால் நீங்கள் அநேகமாகத் தமிழோ கணிதமோ படிப்பிக்கும் ஆளாக இருப்பீர்கள், செஸ் பயிற்சிக்கு ஒரு நாளும் போயிருக்க மாட்டீர்கள், சுற்றுநிருபம் போன கிழமைதான் அதிபரின் மேசைக்கு வந்திருக்கும், போட்டி அடுத்த கிழமை. உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உயர்தரம் படிக்கும் அண்ணாமார், அக்காமார் தம்பி தங்கச்சிகளைப் பழக்குவதாக இருந்தாலும் இதையே பாவிக்கலாம்.

எங்கள் பிள்ளைகள் வலயப் போட்டியில் இரண்டாம் சுற்றிலேயே சுருண்டுபோவதற்கு மூளைக் குறைவு காரணமில்லை. வீட்டில் அண்ணனையும் மாமாவையும் அடித்து நொறுக்குகிற பிள்ளை மண்டபத்தில் மணிக்கூட்டை அமத்த மறக்கும், நகர்வை எழுதத் தெரியாமல் தடுமாறும், தொட்ட காயை வைத்துவிட்டு வேறொன்றை எடுக்கும், நடுவரைக் கூப்பிட வெட்கப்பட்டுக்கொண்டு எதிராளி சொன்னதை நம்பிக் கைகொடுத்துவிட்டு வரும். விவாதத்திலும் இதே கதைதான். தமிழ்த் தினப் பேச்சுப் போட்டியில் முதலிடம் எடுத்த பிள்ளையை அணியில் போடுவோம், பிள்ளையும் மனப்பாடம் செய்த பேச்சை அழகாகப் பேசிவிட்டு உட்காரும், எதிரணி சொன்ன ஒன்றுக்கும் பதில் இருக்காது. ஆகவே திறமையைத் தேடி அலைய வேண்டாம். போட்டி மண்டபத்தில் என்னென்ன நடக்குமோ அதை உங்கள் வகுப்பறைக்குள் முதல் நாளே கொண்டுவந்துவிடுங்கள்.

யாரைச் சேர்ப்பது

வகுப்பில் முதலாம் இரண்டாம் பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பட்டியலை நிரப்புவதுதான் எல்லா இடமும் நடக்கிறது. அந்தப் பிள்ளைகள் ஏற்கனவே வினாடிவினாவிலும் ஆங்கில தினத்திலும் கணித ஒலிம்பியாட்டிலும் இருக்கிறார்கள், நாலு பயிற்சிக்கு ஒன்றுக்குத்தான் வருவார்கள். தரம் 6 தொடக்கம் 8 வரை திறந்த அழைப்பு விடுங்கள். தோற்றால் முகம் சிவந்து, அடுத்த நாள் இடைவேளையில் "இன்னொரு கேம் போடுவமா சேர்" என்று வந்து நிற்கிற பிள்ளைதான் செஸ்சுக்குத் தேவை. விவாதத்துக்கு, நன்றாகப் பேசுகிற பிள்ளையோடு நன்றாகக் கேட்கிற பிள்ளையையும் தேடிப் பிடியுங்கள். மற்றவர் கதைக்கும்போது இடையில் மறித்து "ரீச்சர், அவ முதல் வேற மாதிரிச் சொன்னவ" என்று பிழை பிடிக்கிற வாயாடி ஒன்று ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கும், அதை விட்டுவிடாதீர்கள்.

தரம் 10, 11 பிள்ளைகளை மட்டும் வைத்து அணி கட்டினால் சாதாரண தரப் பரீட்சை நெருங்க ரியூசன் இழுத்துக்கொண்டு போய்விடும். பெண் பிள்ளைகள் விடயத்தில் ஒரு வேலையை முதலே செய்யுங்கள்: பயிற்சி எத்தனை மணிக்கு முடியும், போட்டிக்குப் போனால் எந்த ரீச்சர் கூட வருவார், திரும்ப எத்தனை மணியாகும் என்று தாய் தகப்பனிடம் நேரில் சொல்லுங்கள். கடைசி நேரத்தில் "இரவாகும், அனுப்ப ஏலாது" என்று நிற்கும் வீடுகளில் பாதி, முதலே சொல்லியிருந்தால் விட்டிருக்கும்.

பலகையும் மணிக்கூடும்

செஸ் பலகைக்குக் காசு இல்லை என்பது பெரிய பிரச்சினையே இல்லை. கிளிநொச்சி, வவுனியா, புதுக்குடியிருப்பு எங்கே பார்த்தாலும் பனர் அடிக்கிற கடை இருக்கிறது. ஒரு கட்டம் 5 முதல் 6 சென்ரிமீற்றர் வரும்படி, ஓரத்தில் எழுத்தும் இலக்கமும் போட்டு, ஒரே துணியில் நாலைந்து பலகை அடித்து வெட்டிக்கொள்ளலாம். சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு போகலாம். காய்கள்தான் காசு. ராஜா ஒன்பதரை சென்ரிமீற்றர் அளவு உயரமுள்ள பிளாஸ்ரிக் காய்களை வாங்குங்கள், போட்டியில் வைப்பது அந்த அளவுதான். சின்னக் காந்தப் பலகையிலேயே பழகிய பிள்ளைக்குப் பெரிய பலகையில் மூலைவிட்டம் கண்ணில் படாது, தூரத்தில் நிற்கிற மந்திரி ராணியை வெட்டும்போதுதான் தெரியும்.

பழகுவதற்குப் போனில் செஸ் மணிக்கூட்டுச் செயலி போட்டால் காணும். ஆனாலும் பழைய மாணவர் யாராவது வெளிநாட்டிலிருந்து "என்ன வேணும்" என்று கேட்டால் தயங்காமல் உண்மையான டிஜிற்றல் மணிக்கூடு ஒன்றோ இரண்டோ கேளுங்கள். காய் நகர்த்திய அதே கையால்தான் மணிக்கூட்டையும் அமத்த வேண்டும். வலக்கையால் நகர்த்தி இடக்கையால் அமத்துகிற பழக்கம் ஊறிவிட்டால் மாற்றுவது பெரும்பாடு. போன் விடயத்தில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். போட்டி மண்டபத்துக்குள் பிள்ளையிடம் போன் இருப்பது தெரியவந்தால், அது ஓவ் செய்யப்பட்டிருந்தாலும், ஆட்டத்தையே இழக்கலாம். அப்பா எடுக்கச் சொன்னவர் என்று பொக்கெற்றில் வைத்துக்கொண்டு போக விடாதீர்கள்.

அப்புறம் ஆளுக்கொரு சீ.ஆர். கொப்பி. முன்பக்கம் இருந்து செஸ் ஆட்டங்கள், பின்பக்கம் இருந்து விவாதக் குறிப்புகள்.

செஸ்: எழுத்தில் தொடங்குங்கள்

முதல் வகுப்பிலேயே நகர்வு எழுதப் பழக்குங்கள். பலகையின் நிரலுக்கு ஓர் எழுத்து, வரிசைக்கு ஓர் இலக்கம், இரண்டும் சேர்ந்தால் கட்டத்தின் பெயர். தமிழ்மூலப் பிள்ளைக்கு ஆங்கில எழுத்து எட்டும் இலக்கம் எட்டும்தான், ஒரு மணித்தியாலத்தில் பிடித்துவிடும். ஆசிரியர் "எஃப்7" என்று சத்தமாகச் சொல்ல, பிள்ளைகள் ஓடிப்போய் அந்தக் கட்டத்தில் விரல் வைக்கிற விளையாட்டு நல்லாக வேலை செய்யும். குழப்பம் வருகிற இடம் ஒன்றே ஒன்று: குதிரைக்கும் ராஜாவுக்கும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்தில் பெயர் தொடங்குவதால் ராஜாவுக்குக் 'கே', குதிரைக்கு 'என்' என்று வைத்திருக்கிறார்கள். குதிரைக்கும் 'கே' என்று எழுதிய தாளை வைத்துக்கொண்டு நடுவரிடம் முறைப்பாடு செய்ய முடியாது. முதலில் நகர்த்த வேண்டும், பிறகுதான் எழுத வேண்டும். எழுதிவைத்துவிட்டு யோசித்து நகர்த்துவது விதிப்படி பிழை. குறுகிய நேர ரப்பிட் போட்டிகளில் எழுதத் தேவையில்லை, என்றாலும் பயிற்சியில் எழுதத்தான் வேண்டும். எழுதாத ஆட்டத்தில் எங்கே பிழைத்தது என்று யாருக்கும் சொல்ல ஏலாது.

அடுத்தது கடைசி ஆட்டம். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், யூரியூப்பில் பார்த்த திறப்பாட்டங்களைப் பத்து நகர்வு வரை பாடமாக்கி, பதினோராவது நகர்வில் எதிராளி வேறு மாதிரிப் போட்டவுடன் அந்தரப்படுகிறார்கள். பாடசாலைப் போட்டியில் ஒருவர் ஒரு ராணி கூடுதலாக வைத்திருந்தும் வெல்லத் தெரியாமல் சமன் செய்வதைத்தான் அடிக்கடி பார்க்கலாம். ராஜாவும் ராணியும், ராஜாவும் கோட்டையும், ராஜாவும் ஒற்றைச் சிப்பாயும். இந்த மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு செய்யும்வரை வேறொன்றும் தொடாதீர்கள்.

ராணியை வைத்து முடிக்கும் முறையைப் பலகையில் இப்படிக் காட்டுங்கள். எதிராளியின் தனி ராஜாவிலிருந்து உங்கள் ராணி எப்போதும் ஒரு குதிரைப் பாய்ச்சல் தூரத்தில் நிற்க வேண்டும். அவர் எங்கே நகர்ந்தாலும் ராணியும் அதே திசையில் நகர்ந்து அதே இடைவெளியை வைத்துக்கொண்டால், செக் (ராஜாவைத் தாக்குகிற நகர்வு) சொல்லாமலே அவர் ஓரத்துக்குப் போய்விடுவார். மூலைக்குள் போனதும் ராணியை நிறுத்திவிட வேண்டும். அங்கேயும் பின்தொடர்ந்து போனால், உதாரணத்துக்கு கறுப்பு ராஜா ஏ8 இல், வெள்ளை ராணி பி6 இல், நகர வேண்டியது கறுப்பு: ஏ7, பி7, பி8 மூன்றும் ராணியின் கண்ணில், செக்கும் இல்லை, போக இடமும் இல்லை. ஸ்டேல்மேட். வென்ற ஆட்டம் அரைப் புள்ளியாகிவிடும். அந்த நிலையைப் பிள்ளைகளே வைத்து, தாங்களே எண்ணி, "ஐயோ" என்று சொல்லட்டும். பிறகு மறக்காது. ராஜா மூலையில் முடங்கியதும் அவருக்கு இரண்டு கட்டமாவது அசைய விட்டுவிட்டு, உங்கள் ராஜாவை நடந்து வரச் சொல்லுங்கள்.

கோட்டையோடு முடிக்கத் தெரியாவிட்டால் ஐம்பது நகர்வு விதி பிடிக்கும். இரு பக்கமும் ஐம்பது நகர்வு ஒரு காயும் வெட்டாமல், ஒரு சிப்பாயும் அசையாமல் போனால் எதிராளி சமன் கேட்கலாம். தனி ராஜாவோடு நிற்கிற பிள்ளைக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள், அது எண்ணிக்கொண்டிருக்கட்டும்.

ராஜா சிப்பாய் ஆட்டம் சின்னப் பிள்ளைகளுக்கு மட்டுமான விடயம் என்று நினைக்க வேண்டாம். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் நடந்த உலக சம்பியன் போட்டியின் பதினான்காவது, கடைசி ஆட்டத்தில் அப்போதைய சம்பியன் சீனாவின் டிங் லிரென் 55 ஆவது நகர்வில் கோட்டையைப் பிழையான இடத்தில் வைக்க, சென்னைப் பிள்ளை குகேஷ் கோட்டையையும் மந்திரியையும் மாற்றிக்கொண்டு, ஒரு சிப்பாய் கூடுதலாக உள்ள ராஜா சிப்பாய் ஆட்டத்துக்குள் கொண்டுபோய் 18 வயதில் பட்டத்தை எடுத்தார். அந்த நிலையைப் பலகையில் வைத்துக் காட்டினால் தரம் 7 பிள்ளைக்கும் விளங்கும்.

திறப்பாட்டத்தில் இரண்டு மூன்று பழக்கம் காணும். நடுவில் சிப்பாய், குதிரையும் மந்திரியும் வெளியே, பிறகு கோட்டை கட்டி (ராஜாவைக் கோட்டைப் பக்கம் இரண்டு கட்டம் நகர்த்தி, அந்தக் கோட்டையை ராஜாவின் மறுபக்கம் வைக்கிற நகர்வு) ராஜாவைப் பத்திரப்படுத்தல். கூடவே, ராணியும் மந்திரியும் சேர்ந்து எஃப்7 இல் நாலே நகர்வில் ராஜாவை முடிக்கப் பார்க்கிற 'நாலு நகர்வு மேட்'டுக்கு மருந்து. வலயப் போட்டியில் முதல் சுற்றில் யாரோ ஒருவர் கட்டாயம் முயற்சிப்பார். வெள்ளைச் சிப்பாய் இ4, கறுப்பு இ5, உடனே வெள்ளை ராணி எச்5 இல் வந்து நிற்கும். பயந்துபோய் ஜி சிப்பாயை ஜி6 இல் தள்ளினால் ராணி இ5 சிப்பாயைச் செக்கோடு வெட்டி, அடுத்ததாக எச்8 கோட்டையையும் எடுத்துவிடும். முதலில் குதிரையை சி6 இல் வைத்து இ5 ஐக் காக்க வேண்டும். மந்திரி சி4 க்கு வந்து எஃப்7 ஐப் பார்க்கும்போதுதான் ஜி6. ராணி எஃப்3 க்குப் போய்த் திரும்பவும் எஃப்7 ஐக் குறிவைத்தால் மற்றக் குதிரை எஃப்6. அவ்வளவுதான், வெள்ளை ராணி வெறுமனே அலைந்ததுதான் மிச்சம். இந்த மேட்டைப் போட்டே வெல்லப் பார்க்கிற பிள்ளைகள் உங்கள் அணியிலும் இருப்பார்கள். பயிற்சியில் தடை செய்துவிடுங்கள், அதில் வளர்ச்சி இல்லை.

நேரம். அரை மணித்தியாலம் கொடுத்தால் எங்கள் பிள்ளைகள் ஏழு நிமிடத்தில் ஆட்டத்தை முடித்து, தோற்று, இருபத்திமூன்று நிமிடத்தை மணிக்கூட்டில் மிச்சம் விட்டுவிட்டு விளையாட்டு மைதானத்தில் நிற்பார்கள். இதற்கு ஒரு வழிதான்: கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு இருக்கச் சொல்லுங்கள், சிரிக்காதீர்கள், உண்மையிலேயே வேலை செய்யும். எதிராளி நகர்த்தியவுடன் "இவன் ஏன் இதை வைத்தான்" என்று மனதுக்குள் கேட்க வேண்டும். பிறகு அவனுக்கு என்ன செக் இருக்கிறது, என்ன வெட்டு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பிறகுதான் தன்னுடையது. பத்து நிமிடத்துக்குள் முடிந்த ஆட்டம் எதுவானாலும் இருவரும் எழுதிய கொப்பியைப் பார்த்துத் திரும்ப வைத்து, எங்கே பிழைத்தது என்று ஒரு வரி எழுதித் தந்துவிட்டுத்தான் அடுத்தது என்று ஒரு சட்டம் போடுங்கள். எழுதுகிற பஞ்சியிலேயே மெதுவாக விளையாடுவார்கள்.

வீட்டில் பழக லிசெஸ் தளம் காணும். முழுக்க இலவசம், விளம்பரமும் இல்லை. ஆனால் அம்மாவின் போனில் டேட்டா இருக்கும் நாளில்தான் அது நடக்கும், அதனால் அதையே நம்பியிருக்க ஏலாது. காலை ஒன்றுகூடலுக்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகையில் ஒரு நிலையை வரைந்து "வெள்ளை இரண்டு நகர்வில் மேட்" என்று எழுதிவிடுங்கள். விடையைத் துண்டில் எழுதிப் பெட்டிக்குள் போடட்டும். செஸ் அணியில் இல்லாத பிள்ளைகளும் சுற்றி நின்று சண்டை பிடிப்பார்கள், அடுத்த வருட அணி அந்தக் கூட்டத்துக்குள்தான் இருக்கிறது.

மண்டபத்துக்குள் தெரிந்திருக்க வேண்டியவை

தொட்ட காயை நகர்த்த வேண்டும், தொட்ட எதிரிக் காயை வெட்ட வேண்டும், அது முடியுமானால். சரிந்து நிற்கும் காயை நேராக்குவதென்றால் தன் முறையில் மட்டும், முதலே "சரிசெய்கிறேன்" என்று சொல்லிவிட்டுத் தொட வேண்டும். கோட்டை கட்டும்போது ராஜாவைத்தான் முதலில், ஒரே கையால். கோட்டையை முதலில் தொட்டுவிட்டால் அந்தப் பக்கம் கட்ட முடியாது. நீண்ட நேர ஆட்டத்தில் விதிக்கு மாறான நகர்வு ஒன்று செய்து மணிக்கூட்டையும் அமத்திவிட்டால் எதிராளிக்கு இரண்டு நிமிடம் கூட்டிக் கொடுப்பார்கள், இரண்டாவது தடவை செய்தால் ஆட்டமே போய்விடும். சமன் கேட்பதென்றால் தன் நகர்வை வைத்து, கேட்டு, பிறகு மணிக்கூட்டை அமத்த வேண்டும்.

இவற்றைவிட முக்கியம், நடுவரைக் கூப்பிடப் பழக்குவது. மணிக்கூட்டை நிறுத்தி, கையைத் தூக்கி, வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும். எதிராளியோடு தர்க்கம் வேண்டாம். மாகாண மட்டம் வரை தமிழில் கதைக்கலாம். தேசிய மட்டத்துக்குக் கொழும்புக்கோ கண்டிக்கோ போனால் நடுவர் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோதான் கதைப்பார், எங்கள் பிள்ளை தன் பக்கம் நியாயம் இருந்தும் பேசாமல் இருந்துவிடும். "டச் மூவ்", "இல்லீகல் மூவ்", "டிரா கிளெய்ம்", "மை குளொக்" என்று நாலு சொற்றொடரைச் சத்தமாகச் சொல்லிப் பழக்குங்கள். ஒரு பிள்ளை வேண்டுமென்றே களவாக நகர்த்த, மற்றது கை தூக்கி முறைப்பாடு செய்ய, நீங்கள் கடுகடுத்த முகத்தோடு நடுவராக நில்லுங்கள். முடிவுத் தாளில் வென்றவர் பக்கம் சரியாக எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து.

பெற்றோருக்கும் ஒன்றைச் சொல்லுங்கள். செஸ் போட்டிகள் அதிகம் சுவிஸ் முறையில்தான் நடக்கும். முதல் சுற்றில் தோற்றால் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிற நொக்-அவுட் கிடையாது, எல்லோரும் எல்லாச் சுற்றும் விளையாடுவார்கள், அடுத்த சுற்றில் கிட்டத்தட்ட அதே புள்ளியுள்ள ஆளோடு ஜோடி போடுவார்கள். ஏழு சுற்றில் முதல் இரண்டைத் தோற்ற பிள்ளை மீதி ஐந்தையும் வென்று மேலே வர இடமிருக்கிறது. புள்ளி சமனானால் பல போட்டிகளில் எதிராளிகள் எடுத்த புள்ளிகளைக் கூட்டிப் பார்த்து இடம் கொடுப்பார்கள், ஆகவே பலமான ஆளிடம் தோற்றது முழு நட்டமில்லை. இது தெரியாத தகப்பன் ஒருவர் முதல் சுற்று முடிந்தவுடன் வாசலில் வைத்துப் பிள்ளையை ஏசினால் மிச்ச ஆறு சுற்றும் போச்சு.

விவாதம்: கேட்கப் பழக்குவதுதான் முதல் வேலை

போட்டியின் அமைப்பைச் சுற்றுநிருபத்தில் வடிவாகப் பாருங்கள். எத்தனை பேர், எத்தனை நிமிடம், தொகுப்புரை உண்டா, இடையில் கேள்வி கேட்கலாமா என்பதெல்லாம் ஏற்பாட்டாளருக்கு ஏற்ப மாறும். உலகப் பாடசாலை விவாத முறையில் அணிக்கு மூன்று பேர் பேசுவார்கள், ஆளுக்கு எட்டு நிமிடம், கடைசியில் நாலு நிமிடத் தொகுப்புரை, அதை முதலாமவரோ இரண்டாமவரோ செய்ய வேண்டும். முதல் நிமிடமும் கடைசி நிமிடமும் தவிர மற்ற நேரம் எதிரணி எழுந்து கேள்வி கேட்கலாம், ஏற்பதும் மறுப்பதும் பேசுபவரின் விருப்பம். நூறு புள்ளியில் உள்ளடக்கத்துக்கு 40, பேசும் விதத்துக்கு 40, உத்திக்கு 20. எங்கள் தமிழ் விவாதங்களில் நேரம் குறைவாக இருக்கும், ஆனாலும் இந்தப் பங்கீட்டை மனதில் வைத்துப் பழகினால் எங்கேயும் நிற்கலாம்.

நேரம் குறைவு என்பதாலேயே முகவுரையில் கைவையுங்கள். "அவைத் தலைவர் அவர்களே, நடுநிலை தவறா நடுவர்களே, அறிவுசால் ஆசான்களே" என்று போகிற வரவேற்பு நாலு நிமிடப் பேச்சில் முக்கால் நிமிடத்தைத் தின்றுவிடும். "நடுவர்களுக்கும் அவைக்கும் வணக்கம்" காணும். திருக்குறளும் பாரதியும் வேண்டாம் என்று சொல்லவில்லை, வாதத்தைத் தாங்குகிற இடத்தில் ஒன்று வரட்டும். நாலு குறள் சொல்லி ஒரு காரணமும் சொல்லாத பேச்சை நடுவர்கள் நிறையக் கேட்டு அலுத்துவிட்டார்கள்.

ஒரு தலைப்பை எடுத்துச் செய்து காட்டுகிறேன். "இரணைமடுக் குளத்து நீரை யாழ்ப்பாணத்தின் குடிநீருக்குக் கொடுக்க வேண்டும்." அந்தக் குளத்து நீர்தான் கிளிநொச்சி வயல்களுக்குப் பாய்வது, அங்கே இதைப் போட்டால் எல்லாப் பிள்ளையும் எதிர்த்தரப்புக்கு ஓடும். அப்படி ஓடுகிற பிள்ளையைப் பிடித்துச் சார்பு அணியில் போடுங்கள். வயல் செய்கிற வீட்டுப் பிள்ளை யாழ்ப்பாணத்துக் கிணற்றைப் பற்றி யோசிக்கத் தொடங்கும்: குடாநாடு சுண்ணக்கல் நிலத்தடி நீரை நம்பியிருக்கிறது, உரத்தால் நைத்திரேற்று கலக்கிறது, கரையோரக் கிணறுகள் உவராகின்றன. எதிர்த்தரப்புப் பிள்ளை குளத்துக்கு நீர் கொண்டுவருகிற கனகராயன் ஆற்றில் தொடங்க வேண்டும்: மழை பொய்த்த வருடத்தில் குளத்தில் நிற்கிற நீரைப் பார்த்துத்தான் சிறுபோகத்துக்கு எவ்வளவு காணி விதைப்பது என்று கூட்டம் வைத்துத் தீர்மானிக்கிறார்கள், எங்களுக்கே காணாத நீரை எப்படிக் கொடுப்பது, யாழ்ப்பாணக் கரையோரத்தில் உள்ள தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 இல் திறக்கப்பட்டிருக்கிறதே, அந்த வழி இருக்கும்போது குளத்தில் ஏன் கை வைக்க வேண்டும். சார்பு அணி அதற்கும் ஆயத்தமாக இருக்க வேண்டும்: கடல்நீரைச் சுத்திகரிக்க மின்சாரச் செலவு எவ்வளவு, அந்தச் செலவை யார் கட்டுவது?

ஒவ்வொரு வாதத்துக்கும் நாலு கேள்விக்குப் பதில் இருக்க வேண்டும். என்ன சொல்கிறாய், ஏன் அப்படி, எங்கே நடந்திருக்கிறது, அதனால் என்ன. எங்கள் பிள்ளைகள் முதலாவதையும் மூன்றாவதையும் சொல்லிவிட்டு இறங்கிவிடுவார்கள். "சிறுபோகம் பாதிக்கும்" என்றால் போதாது. சிறுபோகம் பாதித்தால் கூலிக்குப் போகிறவருக்கு எத்தனை மாதம் வேலை இல்லை, அடுத்த காலபோகத்துக்கு விதைநெல்லும் கடனும் எங்கிருந்து வரும் என்று ஏணி ஏறிப் போக வேண்டும். அது வன்னிப் பிள்ளைக்கு வீட்டிலேயே தெரிந்த விடயம், புத்தகம் தேவையில்லை. சொல்லச் சொல்லி வற்புறுத்தத்தான் வேண்டும்.

மறுப்புரைக்கு ஒரு தாள், நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் எதிரணி சொன்னது, சொல் சொல்லாக, முழு வசனம் எழுதக் கூடாது. வலப்பக்கம் பதில். பதில் மூன்று விதம்தான்: அது உண்மையில்லை, உண்மைதான் ஆனால் இந்தத் தலைப்புக்குப் பொருந்தாது, உண்மைதான் பொருந்தும்தான் ஆனால் எங்கள் பக்கத்து விடயம் அதைவிடப் பெரிது. மூன்றாவதுதான் கடினம், வெல்வதும் அதுதான். உதாரணத்துக்குச் சார்பு அணிப் பிள்ளை இப்படிப் பேசலாம்: "சிறுபோகம் பாதிக்கும் என்று எதிரணியின் இரண்டாவது விவாதி சொன்னார். வறட்சி வருடத்தில் பாதிக்கும், ஒத்துக்கொள்கிறோம். ஆனால் விளையாத வயலுக்கு நட்டஈடு கொடுக்கலாம், குடிக்கிற தண்ணீருக்குப் பதிலாக எதைக் கொடுப்பது?" மூன்று வசனம். எதிரணியின் வாயிலிருந்து எடுத்தது, ஒத்துக்கொண்டது, நிறுத்துப் பார்த்தது எல்லாம் அதற்குள் இருக்கிறது. உடனே மற்றப் பக்கத்துப் பிள்ளையை எழுப்பி இதை உடைக்கச் சொல்லுங்கள். "அந்த நட்டஈடு இதுவரை எந்த விவசாயியின் கைக்கு நேரத்துக்கு வந்தது" என்று ஒன்று கட்டாயம் கேட்கும், சிரிப்புச் சத்தம் பக்கத்து வகுப்புக்குக் கேட்கும்.

மூன்றாவது விவாதி புது வாதம் கொண்டுவரக் கூடாது. இந்த விவாதம் எந்த இரண்டு கேள்வியில் நிற்கிறது, அந்த இரண்டிலும் ஏன் நாங்கள் முன்னுக்கு நிற்கிறோம் என்று மட்டும் சொல்ல வேண்டும். செஸ் அணியில் இருக்கிற பிள்ளைகளை இந்த இடத்துக்கு முயற்சித்துப் பாருங்கள், எதிராளி ஏன் வைத்தான் என்று பார்க்கிற பழக்கம் இங்கே கைகொடுக்கும்.

பழகத் தலைப்புக்குப் பஞ்சமில்லை. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையை நிறுத்துவது, காட்டோரக் கிராமங்களுக்கு யானை வேலி போடுவது, பாடசாலைக்குப் போன் கொண்டுவருவது. ஒவ்வொன்றையும் ஒரே நாளில் இரண்டு தடவை, தரப்பை மாற்றி. நூலகத்துக்கு வீரகேசரியோ தினக்குரலோ உதயனோ வந்தால், வெட்டி ஒட்டிய செய்திக்குக் கீழே பத்திரிகைப் பெயரும் திகதியும் எழுதச் சொல்லுங்கள். "ஆய்வு ஒன்று சொல்கிறது" என்று பேசிய பிள்ளையிடம் "எந்த ஆய்வு" என்று எதிரணி கேட்டால் முகம் வெளுத்துவிடும்.

உச்சரிப்பை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ல, ள, ழ மூன்றும் வேறுவேறாகக் கேட்க வேண்டும். மற்றப்படி மேடைத் தமிழ் என்று குரலை உடைத்துக் கத்தத் தேவையில்லை, தெளிவாக, நடுவரைப் பார்த்து, வீட்டில் பெரியவரோடு மரியாதையாகக் கதைக்கிற மாதிரிக் கதைத்தால் போதும். எதிரணிப் பிள்ளையையோ அவர்களின் பாடசாலையையோ நக்கல் செய்யக் கூடாது, "வாதத்தைத் தாக்கு, ஆளைத் தொடாதே" என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

இன்னொரு விடயம், கொஞ்சம் கசப்பானது. எந்தத் தலைப்புக் கொடுத்தாலும் யுத்தத்தையும் இடப்பெயர்வையும் கண்ணீரோடு சேர்த்துவிடுகிற பழக்கம் எங்கள் பக்கத்தில் இருக்கிறது, அதுவும் பெரியவர்கள் எழுதிக் கொடுத்த கண்ணீர். இப்போது மேடையில் நிற்கும் பிள்ளைகள் 2009 க்குப் பிறகு பிறந்தவர்கள். தன் வீட்டுக் கதையைச் சொல்வதா இல்லையா என்பதைப் பிள்ளையே தீர்மானிக்கட்டும், புள்ளிக்காக நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள்.

கிழமையும் போட்டி நாளும்

கிழமைக்கு இரண்டு நாள், பாடசாலை விட்ட பிறகு ஒன்றேகால் மணித்தியாலம். கடைசி பஸ்ஸின் நேரத்தைக் கேட்டுவிட்டு அதிலிருந்து பின்னுக்கு எண்ணி நேரம் வையுங்கள், துணுக்காய்ப் பக்கம் உள்ளுக்குப் போகிற பிள்ளைகளுக்கு அது போனால் வேறு வழியில்லை, பொழுதுபட்ட பிறகு யானை நிற்கிற வீதிகளும் இருக்கின்றன. காலபோக அறுவடைக் காலத்தில் வரவு குறையும், ஏச வேண்டாம், அந்தக் கிழமைகளில் கரும்பலகைக் கணக்கு மட்டும் ஓடட்டும். பக்கத்துப் பாடசாலைகள் இரண்டு மூன்றைச் சேர்த்து மாங்குளம் போல எல்லோருக்கும் நடுவான ஒரு இடத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை நட்புப் போட்டி வைத்தால், ஒரே ஆட்களோடு விளையாடிச் சலிப்பது நிற்கும். அங்கே உண்மையான நேரம், உண்மையான மணி, பிள்ளைகளுக்குத் தெரியாத நடுவர்.

சுற்றுநிருபம் வரும்வரை காத்திருக்காமல் வலயக் கல்வி அலுவலகத்தில் சம்பந்தப்பட்ட ஆசிரிய ஆலோசகரை இடைக்கிடை கேட்டுக்கொள்ளுங்கள். பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி, அதிபர் கையெழுத்துப் போட்ட கடிதம், படம், இவற்றை ஆளுக்கொரு உறையில் முதலே போட்டு வைத்தால் கடைசி நாள் ஓட்டம் இல்லை.

போட்டி நாளில் விடிய நாலரைக்கு முல்லைத்தீவில் பஸ் ஏறி யாழ்ப்பாணம் போய் ஒன்பது மணிக்குப் பலகைக்கு முன் இருக்கிற பிள்ளை, மத்தியானம் சோற்றுப் பார்சலை முழுதாகச் சாப்பிட்டால் மூன்றாவது சுற்றில் நித்திரை தூங்கும். முடிந்தால் முதல் நாளே போய்த் தங்குங்கள். முடியாவிட்டால் வாழைப்பழம், பிஸ்கற், தண்ணீர்ப் போத்தல் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, சோற்றைக் கடைசிச் சுற்றுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு இரண்டு பேனை. சுற்றுகளுக்கு இடையில் ஆட்டத்தைப் பிரித்து ஆராய வேண்டாம், வெளியே நடக்க விடுங்கள்.

ஆராய்ச்சி அடுத்த பயிற்சி நாளில். செஸ் தாளை வைத்துத் தோற்ற ஆட்டத்தை முதலில். விவாதத்தில் முடிவு சொன்ன பிறகு, சண்டைக்குப் போகாமல், ஒரு பிள்ளையை அனுப்பி நடுவரிடம் "எங்களின் எந்த வாதம் நிற்கவில்லை ஐயா" என்று கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள், மரியாதையாகக் கேட்டால் சொல்லுவார்கள். அதெல்லாம் சீ.ஆர். கொப்பிக்குள் போகட்டும். உயர்தரத்துக்குப் போகிற பிள்ளைகளிடம் அந்தக் கொப்பிகளை வாங்கித் தரம் 8 பிள்ளைகளிடம் கொடுங்கள், உங்களுக்கு இடமாற்றம் வந்தால் பின்னால் வருகிற ஆசிரியருக்கும் கையில் ஏதாவது இருக்கும்.